கப்டன்மார் 65 வரை பறந்தால் என் முறை எப்போது வரும்?

வாசகர் கேள்விக்குத் தொழிற்சட்டச் சட்டத்தரணியின் பதில்

இந்த முறை எழுதியிருப்பவர் ஒரு துணை விமானி. வயது 37, சொந்த இடம் யாழ்ப்பாணம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நிறுவனத்தின் எண்ணிக்கைகளையும் மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கை மாற்றவில்லை.

அவருடைய தகப்பனார் இளைப்பாறிய ஆசிரியர். கோண்டாவில் காணியை ஈடு வைத்துத்தான் மகனை விமானப் பயிற்சிக்கு அனுப்பினார். ஈடு இன்னும் மீளவில்லை. மகன் ஒரு தனியார் விமான நிறுவனத்தில் 11 வருடமாகத் துணை விமானியாக இருக்கிறார். அங்கே 90 விமானிகள், அதில் 45 கப்டன் இடங்கள். சேவை மூப்புப் பட்டியலில் இவர் 54ஆவது ஆள். இளைப்பாறும் வயது 60. அடுத்த 3 வருடத்தில் 9 கப்டன்மார் 60ஐத் தொடுவார்கள், ஒன்பதாவது ஆள் போகும்போது தன் முறை வரும் என்று காத்திருந்தார். இப்போது சங்கம், நிறுவனத்தோடு செய்துகொள்ளும் புதிய கூட்டு ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியலில் இளைப்பாறும் வயதை 65 ஆக்கும்படி எழுதியிருக்கிறது. அதை ஏற்பதா என்று உறுப்பினர்கள் விரைவில் வாக்களிக்க வேண்டும்.

அவர் கேட்பது மூன்று. 60 வயதுக்கு மேல் பறப்பது ஆபத்து என்று சொல்லி வழக்குப் போடலாமா? 25 இளைய விமானிகளைச் சேர்த்துத் தனிச் சங்கம் தொடங்கலாமா? இரண்டும் சரிவராவிட்டால் வளைகுடாவில் கிடைத்திருக்கும் வேலையை எடுத்துக்கொண்டு போய்விடலாமா?

கேள்வியாக இல்லாமல், கடிதத்தின் கடைசியில் இதையும் எழுதியிருக்கிறார்: "என்னை ஆளாக்கிய கப்டன் ஒருவர், பருத்தித்துறைக்காரர், வயது 59. 65 வேண்டும் என்று சங்கத்தில் முன்னுக்கு நிற்பவரும் அவர்தான். இரண்டு மாதமாக அவரோடு பறக்கும்போது செக்லிஸ்ட் தவிர வேறு கதை இல்லை."

தம்பி, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மூப்புப் பட்டியலின் படத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 54ஆவது வரியின் கீழே சிவப்புப் பேனாக் கோடு. அதற்கு மேலே ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் பென்சிலால் ஒரு பிறந்த ஆண்டு. சில ஆண்டுகளை அழித்துத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள், அந்த இடங்களில் தாள் தேய்ந்து வெளிறிப்போயிருக்கிறது. 11 வருடம் ஒரு மனிதன் மற்றவர்களின் வயதை எண்ணிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியிருப்பது கொடுமை. அது உங்கள் குணத்தில் உள்ள பிழை இல்லை. உங்கள் தொழில் ஏற்பட்டிருக்கும் முறை அப்படி.

வேறு தொழிலில் இருக்கும் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விமானிகளிடையே மூப்பு எண்தான் எல்லாம். எந்த விமானத்தில் பறப்பது, எப்போது கப்டன் ஆவது, ரோஸ்டரில் எந்தப் பறப்பு, பொங்கலுக்கு லீவு யாருக்கு, ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியே போவது யார் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த எண்ணின்படியே நடக்கும். இன்னொரு நிறுவனத்துக்குப் போனால் அந்த எண் கூட வராது, அங்கே கடைசி ஆளாகத்தான் தொடங்க வேண்டும். கேட்கக் கடுமையாக இருக்கும், ஆனால் காரணம் இருக்கிறது. மழைக்காற்று சரியில்லை, இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு விமானத்தைத் திருப்பிக்கொண்டு போகும் விமானியை, எரிபொருள் செலவைப் பார்க்கும் ஒரு மனேஜர் பதவி உயர்வில் பழிவாங்க முடியாது. அடுத்தவர் யார் என்பது ஏற்கெனவே தாளில் எழுதியிருக்கிறது. இன்றைக்கு உங்களுக்குச் சுவராகத் தெரியும் அதே பட்டியல்தான் உங்களுக்கு வேலியும்.

60 தரை, 65 கூரை

உங்கள் கடிதத்தில் இரண்டு சட்டங்கள் ஒன்றோடொன்று குழம்பிப்போயிருக்கின்றன. "65 உலகச் சட்டம், கம்பனி கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சங்கம் சொல்கிறது" என்று ஓரிடத்தில் எழுதுகிறீர்கள். "60தான் இலங்கைச் சட்டம், அதை மாற்றவே முடியாது" என்று இன்னோரிடத்தில் எழுதுகிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வைத்திருக்கும் 65 ஒரு கூரை. இரண்டு விமானிகள் சேர்ந்து ஓட்டும் சர்வதேச வர்த்தகப் பறப்பில் அதற்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான். 2006 வரை அந்தக் கூரை 60 ஆக இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் 65 ஆக்கியபோது, ஒருவர் 60ஐக் கடந்திருந்தால் மற்றவர் 60க்குக் கீழே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். 2014 நவம்பரில் அதையும் எடுத்துவிட்டார்கள். 2025இல் விமான நிறுவனங்களின் சங்கமான அயாட்டா 67 கேட்டது, அது நிறைவேறவில்லை. இதில் எதுவுமே 65 வரை வேலை கொடு என்று எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்தவில்லை.

இலங்கையின் 60 ஒரு தரை. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், வயதைக் காரணம் காட்டி 60க்கு முன் ஒருவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. சட்டத்தின் பெயரிலேயே "ஆகக் குறைந்த" என்ற சொல் இருக்கிறது. 60க்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று அது சொல்லவே இல்லை.

தரைக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் அந்த 5 வருடத்தை எந்தச் சட்டமும் உங்களுக்காகத் தீர்மானிக்கவில்லை. அது பேரம் பேசும் இடம். யார் அந்த மேசையில் இருக்கிறார்களோ அவர்கள்தான் எழுதுவார்கள்.

இன்னுமொன்று. "நாங்கள் அதிகாரிகள், தொழிலாளர் சட்டம் எங்களுக்குப் பொருந்துமா" என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தும். 1950இன் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் தொழிலாளி என்பதன் வரைவிலக்கணம் மிக விரிந்தது. எந்தத் தகுதியில் என்றாலும் ஒரு வேலைகொள்வோரின் கீழ் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் அதற்குள் வருவார். தோளில் எத்தனை பட்டி இருக்கிறது என்று சட்டம் பார்ப்பதில்லை.

உங்கள் கணக்கில் விடுபட்டது

நீங்கள் 5 வருடம் பறிபோகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். பழைய ஒழுங்கில் 40 வயதில் கப்டன், 60இல் இளைப்பாறல்: 20 வருடம் கப்டன். புதிய ஒழுங்கில், அந்த ஒன்பது பேரும் கடைசி நாள் வரை இருந்தாலும், 45 வயதில் கப்டன், 65இல் இளைப்பாறல்: அதுவும் 20 வருடம்தான். கப்டனாக இருக்கும் காலம் குறையவில்லை. நடைமுறையில் ஒன்பது பேரும் இருக்கப் போவதும் இல்லை. 60க்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை 6 மாதத்துக்கு ஒரு தடவை. சிலர் அதில் தேறமாட்டார்கள், சிலர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போவார்கள். உங்கள் முறை 40க்கும் 45க்கும் இடையில் எங்கோ வரும்.

ஆனால் இந்தக் கணக்கைக் காட்டி "பிறகென்ன, சமன்தானே" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈட்டு வட்டி இன்றைக்கு ஓடுகிறது. 62 வயதில் வரும் கப்டன் சம்பளம் 41 வயதில் வரும் சம்பளத்துக்கு ஈடாகாது. அந்த வயதில் உங்கள் காதும் இதயமும் பரிசோதனையைத் தாண்டும் என்று யாரும் எழுதித் தரப் போவதில்லை. உங்கள் இழப்பு நிச்சயமானது, இலாபம் சந்தேகமானது. 59 வயதுக் கப்டனுக்கோ நேரெதிர். அவருக்கு மேலே இருந்தவர்கள் 60இல் போய்த்தான் அவருக்கு இடம் கிடைத்தது. இப்போது ஒரு காத்திருப்பும் இல்லாமல் அவருக்கு 5 வருடம் கிடைக்கிறது. உங்கள் கோபத்தில் நியாயமான பகுதி இதுதான். வயதைப் பற்றிய மற்றப் பேச்சையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இதை அனுபவித்தே பார்த்தார்கள். 1960 முதல் அங்கே 60தான் எல்லை. பெரிய விமானிகள் சங்கம் பல வருடம் அந்த எல்லையைக் காத்து நின்றது. 2007 மே மாதம் நிலைப்பாட்டை மாற்றியது, அந்த டிசம்பரில் சட்டம் 65 ஆயிற்று. அடுத்த வருடமே பொருளாதார வீழ்ச்சி. மேலே யாரும் போகவில்லை, கீழே யாரும் ஏறவில்லை. பிறகு 67 என்ற பேச்சு வந்தபோது அதே சங்கம் எதிர்த்தது, 2024இல் வந்த சட்டம் 65ஐ அப்படியே விட்டுவிட்டது. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று கவனிக்க வேண்டியது. 65ஐக் கடந்தவர் ஐகாவோ விதிப்படி வெளிநாட்டுப் பறப்பு செய்ய முடியாது. அவர் தன் மூப்பு எண்ணோடு உள்நாட்டுச் சிறிய விமானத்துக்கு இறங்குவார், அங்கே இருக்கும் இளையவர் இன்னும் கீழே தள்ளப்படுவார். உங்கள் நிறுவனத்தில் அந்தப் பயம் வேண்டாம். பறப்பு எல்லாமே வெளிநாட்டுக்குத்தான், இறங்கி நிற்க உள்நாட்டுப் பறப்பு கிடையாது. 65 என்றால் 65 தான்.

வழக்கு, தனிச் சங்கம், வளைகுடா

60க்கு மேல் ஆபத்து என்ற வாதத்தைத் தயவுசெய்து கையில் எடுக்காதீர்கள். உலகம் 2006லேயே அதைக் கைவிட்டுவிட்டது. லுஃப்தான்சாவின் கூட்டு ஒப்பந்தத்தில் 60 வயதுடன் வேலை முடிந்துவிடும் என்று இருந்தது. பிரிகே என்ற விமானியும் இன்னும் இருவரும் வழக்காடினார்கள். விதிகள் 65 வரை பறக்க விடும்போது ஒரு ஒப்பந்தம் 60இல் நிறுத்துவது அளவுக்கு மீறியது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011 செப்டம்பரில் சொன்னது. அது நம் நாட்டை கட்டுப்படுத்தாது. ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் நின்று வழக்குப் பேசப் போகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் அதே வாதத்தை 23 வருடம் கழித்து உங்களுக்கே வாசித்துக் காட்டுவார்கள்.

அடிப்படை உரிமை வழக்கும் சரிவராது. அது அரசின் நிர்வாகச் செயலுக்கு எதிராகப் போவது, உங்களுடையது தனியார் நிறுவனம். தொழில் நியாய மன்றுக்கு, வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் 6 மாதத்துக்குள் போகலாம். உங்களை யாரும் நிறுத்தவில்லை, பதவி உயர்வு தள்ளிப்போகிறது. அதற்குச் சரியான வாசல் பேச்சுவார்த்தை. அது முறிந்தால் தொழில் ஆணையாளரிடம் பிணக்காகக் கொண்டு போகலாம்.

தனிச் சங்கத்தை எழுவர் சேர்ந்தே பதியலாம். தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் அவ்வளவு எளிதாகத்தான் வைத்திருக்கிறது, சங்கம் சேரும் உரிமை அரசியலமைப்பிலும் இருக்கிறது. ஆனால் பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தத்தின்படி, யாருக்காகப் பேசுகிறதோ அந்தத் தொழிலாளர்களில் 40 வீதத்தினர் உறுப்பினராக இருந்தால்தான் நிறுவனம் ஒரு சங்கத்தோடு பேசியே ஆக வேண்டும். 90 பேரில் 40 வீதம் 36. உங்களிடம் இருப்பது 25. நீங்கள் 25 பேரும் வெளியே போன மறுநாள், எஞ்சிய 65 பேரும் உங்கள் வாக்குகள் இல்லாமலே 65 வயதை நிறைவேற்றிக்கொள்வார்கள். உள்ளே இருந்தால் அதே 25 பேர் வாக்கெடுப்பில் கணக்கில் எடுக்க வேண்டிய ஆட்கள்.

நண்பர்கள் சிலர் சுகயீன விடுமுறைப் போராட்டம் பற்றிக் கதைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், தம்பி. உங்கள் தொழிலில் சுகமில்லை என்று எழுதிக் கொடுப்பது மருத்துவச் சான்றிதழோடு தொடர்புபட்ட வாக்குமூலம். பொய்யாக எழுதினால் ஒழுக்காற்று விசாரணையில் உங்களைக் காப்பாற்றுவது என் போன்றவர்களுக்கு மிகக் கடினம்.

வளைகுடா வேலையை நான் தடுக்கமாட்டேன். ஈடு அழுத்துகிறது என்றால் அது நேர்மையான வழி. போவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். இப்போதைய நிறுவனத்தோடு பயிற்சிச் செலவுக்காகக் கையெழுத்திட்ட பிணை எத்தனை மாதம் மிச்சம். அங்கே கடைசி எண்ணிலிருந்து கப்டன் ஆக எத்தனை வருடம் எடுக்கிறது, இதை ஆட்சேர்ப்பு முகவரிடம் கேட்காதீர்கள், அங்கே பறக்கும் ஒருவரிடம் கேளுங்கள். அங்கே ரோஸ்டரில் அநியாயம் நடந்தால் யாரிடம் போவது, ஏனென்றால் ஐக்கிய அரபு இராச்சியம் போன்ற நாடுகளில் தொழிற்சங்கமே வைக்க முடியாது. நீங்களாக விலகினாலும் இங்கே பணிக்கொடை கிடைக்கும், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் 11 வருடத்துக்கு ஐந்தரை மாதச் சம்பளம். அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கூட்டத்தில் என்ன கேட்பது

என் யோசனை இதுதான்: 65ஐ எதிர்க்காதீர்கள், அதற்கு விலை கேளுங்கள். வயதை எதிர்த்தால் 45 கப்டன்மாரும் ஒன்றாக நிற்பார்கள். நிபந்தனை கேட்டால் அவர்களில் 40, 50 வயதுகளில் இருப்பவர்களில் பலர் உங்களோடு வருவார்கள்.

முதலாவது, படிப்படியாக உயர்த்தச் சொல்லுங்கள். இதற்கு முன்மாதிரியை வெளியே தேட வேண்டியதில்லை. அந்த 2021ஆம் ஆண்டுச் சட்டமே அப்படித்தான் செய்தது. 52 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 60. 52ஐக் கடந்தவருக்கு 59, 53ஐக் கடந்தவருக்கு 58, 54ஐக் கடந்தவருக்கு 57. இளைப்பாறலுக்குக் கிட்ட நிற்பவருக்கு ஒரேயடியாக முழு நீட்டிப்பையும் சட்டம் கொடுக்கவில்லை. இப்போது 59இல் இருப்பவருக்கு 61, 58இல் இருப்பவருக்கு 62 என்று போனால் உங்கள் வரிசை நின்றுபோகாது, நகர்ந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன், துணை விமானிகளின் சம்பள அளவுத்திட்டம். உங்களுடையது 10ஆவது வருடத்தோடு நின்றுவிட்டது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். முழுக் கடிதத்திலும் அதுதான் முக்கியமான வரி. 10 வருடத்தில் எல்லோரும் கப்டன் ஆகிவிடுவார்கள் என்ற எண்ணத்தில் போட்ட அளவுத்திட்டம் அது. காத்திருப்பு நீளுமானால் ஏணியும் நீள வேண்டும். 11, 12, 13, 14, 15ஆவது வருடங்களுக்கும் ஏற்றம் கேளுங்கள். நிறுவனத்துக்குப் புதிய கப்டன்மாருக்கான பயிற்சிச் செலவு சில வருடம் மிச்சமாகிறது, அந்தக் காசின் ஒரு பங்கு உங்களிடம் வரட்டும்.

பிறகு, 60ஐக் கடந்த அனுபவசாலிகளைச் சிமுலேட்டர் பயிற்றுநர்களாகவும் பரிசோதகர்களாகவும் அதிகம் எடுக்கச் சொல்லுங்கள். வயதெல்லை பயணிகளையும் சரக்கையும் ஏற்றிப் பறப்பதற்குத்தான், பயிற்றுவிப்பதற்கு இல்லை என்று 2017இல் ஐரோப்பிய நீதிமன்றமே இன்னொரு வழக்கில் தெளிவாக்கியது. மருத்துவச் சான்றிதழ் இழந்தால் கிடைக்கும் காப்புறுதியை உயர்த்தக் கேளுங்கள், இதில் இளையவரும் மூத்தவரும் ஒன்றாக நிற்பீர்கள்.

ஒரு பொறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 60க்கு மேற்பட்டவர்களைக் கூட்டு ஒப்பந்தத்துக்கு வெளியே, வருடாந்த ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறோம் என்று நிறுவனம் சொல்லலாம். "மூப்பு எண் போய்விடுமே, எனக்கு நல்லதுதானே" என்று உங்களுக்குத் தோன்றும். அப்படி வந்தால், குறைந்த சம்பளத்தில், வருடா வருடம் புதுப்பிப்புக்காகப் பயந்துகொண்டு, சொன்னதையெல்லாம் பறக்கும் கப்டன்மார் ஒரு தொகுதி உருவாகும். அவர்களை வைத்து உங்கள் சம்பளத்தையும் கீழே இழுப்பார்கள். நாளைக்கு அந்த வரிசையில் நீங்களும் நிற்பீர்கள். 60க்குப் பிறகு எந்த ஏற்பாடு என்றாலும் அது கூட்டு ஒப்பந்தத்துக்குள் இருக்க வேண்டும். கூட்டு ஒப்பந்தம் ஆணையாளருக்குப் போய் வர்த்தமானியில் வந்த பிறகு அதன் வாசகம் உங்கள் ஒவ்வொருவருடைய வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். வாய்ப்பேச்சில் கிடைக்கும் உறுதிக்கு அந்தப் பலம் இல்லை.

அந்தக் கப்டன்

இது சட்டக் கேள்வி இல்லை, ஆனாலும் விட்டுவிட்டுப் போக மனமில்லை. பலாலியில் சென்னை விமானம் இறங்குவதைப் பார்க்க என் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதுண்டு. முன்னால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னே இரண்டு பேர். அவர்கள் ஒருவரோடொருவர் கதைக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் பின்னால் எல்லோரும் இருக்கிறார்கள். "இது சரியாகப் படவில்லை, கப்டன்" என்று துணை விமானி தயங்காமல் சொல்ல வேண்டும் என்பதற்காகவே உங்களுக்கெல்லாம் பயிற்சி தருகிறார்கள். இரண்டு மாதக் கோபம் அந்தத் தயக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். அவரைச் சங்கக் கூட்டத்தில் சந்திப்பதற்கு முன், தரையில், ஒரு தேத்தண்ணியோடு சந்தியுங்கள். உங்கள் வீட்டு ஈட்டைப் பற்றி அவருக்குத் தெரியுமா? அவர் ஏன் இன்னும் 5 வருடம் கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் இரண்டுக்கும் பதில் இல்லை. படிப்படியான உயர்வைக் கூட்டத்தில் அவர் வாயால் முன்வைக்கச் செய்ய முடிந்தால், 25 வாக்கைவிட அது பெரியது.

நீங்கள் அனுப்பியது ஒப்பந்தத்தின் 3ஆம், 7ஆம் பக்கங்கள் மட்டும். பதவி உயர்வு பற்றிய இணைப்பும் சம்பள அட்டவணையும் அதில் இல்லை. மூப்பு எண் மட்டும் போதுமா, அல்லது நிறுவனம் வேறு தகுதியும் பார்க்கலாமா என்பது அந்த இணைப்பில்தான் இருக்கும். பயிற்சிப் பிணையின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். வாக்கெடுப்புக்கு இன்னும் 18 நாட்கள் இருக்கின்றன, உங்கள் தரப்புக் கோரிக்கையை எழுத்தில் தயாரிக்க அது போதும்.